ஏழாம் எண் பாதம்

காலை 11.05.

"என் புத்தகம் எங்கே? யாராவது எடுத்தீங்களா? விளையாட்டுன்னா இப்பவே சொல்லிடுங்க!"

உடை மாற்றும் அறையிலிருந்து வந்த அந்தக் குரல் அன்னெஸ்டுடையது. பாத மருத்துவம் முதலாண்டில் மொத்தம் பதின்மூன்று பேர். அந்தப் பதின்மூன்றில் முதல் மார்க் எப்போதும் அவளுக்குத்தான். வயது பத்தொன்பது. படித்தது மறக்காது, பதறினாலும் வியர்க்காது. இன்று முதல்முறையாக அவள் குரல் உடைந்திருந்தது.

காணாமல் போனது ஒரு ரோஸ் நிறப் புத்தகம். எட்டே தாள், தடித்த அட்டை. கத்தி பிடித்துக் காய்ப்பு சீவிப் பழகிய நாற்பது மணி நேரத்துக்கும் ஆசிரியர்கள் ஒவ்வொன்றாகப் போட்ட கையெழுத்து அதில் இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு அவளுக்குக் கத்தித் தேர்வு. புத்தகம் காட்டாதவர் கையில் கத்தி கொடுக்கக் கூடாது என்பது சட்டம். கத்தித் தேர்வு எழுதாதவருக்கு அந்த வருஷமே இல்லை.

வாசலில் நின்றிருந்த மென்னா, நியாயமாகப் பார்த்தால், ஐயோ என்று பதறியிருக்க வேண்டும். பதறினாள்தான். ஆனால் அதற்கு ஒரு நொடி முன்னால் நெஞ்சின் ஓரத்தில் ஏதோ ஒன்று சர்க்கரையாய்க் கரைந்தது. 'உனக்கும் ஒரு நாள் வந்ததா?' என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. நாற்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு புத்தியா என்று உடனே வெட்கப்பட்டாள். வெட்கப்பட்ட பிறகும் இனிப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

மென்னா இந்த வகுப்பிலேயே மூத்தவள். இருபத்தோரு வருஷம் பஸ் கம்பெனியில் இருந்துவிட்டுப் படிக்க வந்தவள். கடைசிப் பதினோரு வருஷம் அவள் வேலை அட்டவணை போடுவது: எந்த பஸ் எத்தனை மணிக்கு, எந்த ஓட்டுநர், எந்த ஊர். அதனால் பிள்ளைகள் அவளை பஸ்காரம்மா என்று கூப்பிடுவார்கள்.

அன்னெஸ்ட் மேல் மென்னாவின் எரிச்சல் இரண்டு வாரத்துக்கு முந்தியது. அன்றுதான் தேர்வு அட்டவணை வந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி உறை, தனித்தனி நேரம். டீ கெட்டில் இருக்கும் மேஜையில் நாலு பேர் உட்கார்ந்து உறையைக் கிழித்தார்கள்.

"எனக்கு உடற்கூறுக்கு முன்னாடி மூணு நாள் லீவு!" என்றாள் அன்னெஸ்ட்.

"மூணு நாளா? எனக்கு ஒரே நாள்ல ரெண்டு பரீட்சை, மறுநாள் காலையில மூணாவது" என்றாள் ஷோனெட். "நடுவுல மூச்சு விடலாமான்னு கேட்டுச் சொல்லுங்க."

"எல்லாமே எட்டரைக்குப் போட்டிருக்காங்க எனக்கு" என்றாள் டெக்வென். எல்லோருக்கும் அவள் டெக். மலைப்பக்கம் பால் பண்ணை. ஐந்து மணிக்கு மாடு கறந்துவிட்டுத்தான் வருவாள். "மாடுங்ககிட்ட யாரு பேசறது?"

"பஸ்காரம்மா, நீ போட்டிருந்தா எப்படிப் போட்டிருப்பே?" என்று கேட்டாள் ஷோனெட்.

"அன்னெஸ்டை அஞ்சு மணி பஸ்ல ஏத்திவிட்டிருப்பேன்" என்றாள் மென்னா. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே எல்லோருக்கும் வயிறு எரிந்தது. ஷோனெட் மட்டும் தன் குறிப்பேட்டைத் திறந்து அன்னெஸ்டின் அட்டவணையை ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டாள். "என்னைக்கு வாழ்த்துச் சொல்லணும்னு தெரிய வேண்டாமா?" என்றாள். எவ்வளவு பெரிய மனசு என்று மென்னா நினைத்தாள். அதற்காக ஷோனெட்டைப் பார்த்தும் கொஞ்சம் பொறாமைப்பட்டாள்.

இதில் ஒரு விஷயம் உண்டு. முதலாண்டில் முதலாவதாக வருபவருக்கு நகரத்து ஆஸ்பத்திரியின் சர்க்கரை நோய்ப் பாதப் பிரிவில் கோடை முழுவதும் பயிற்சி. ஒரே ஓர் இடம். அன்னெஸ்ட் முதல், ஷோனெட் இரண்டாவது. எல்லாப் பரீட்சையிலும் வித்தியாசம் ஒரு மார்க், இரண்டு மார்க்.

காலை 11.20.

முதலாண்டுப் பொறுப்பாசிரியர் மேடக்ஸ் பதின்மூன்று பேரையும் பொது அறையில் உட்கார வைத்தார். ஒல்லியான மனிதர். கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும்.

"கதவு ஒன்பதரைக்குப் பூட்டினது. சாவி ஆபீஸ் பார்த்துக்கற மிஸஸ் பியூகிட்ட. வெளியாள் யாரும் உள்ள வரல. உங்க போனெல்லாம் என் பெட்டியில. மூணு மணி வரைக்கும் யாரும் இந்த மாடியை விட்டு இறங்கப் போறதில்ல. அப்ப எடுத்தது இங்க இருக்கற ஒருத்தர்தான். அன்னெஸ்ட், கடைசியா எப்பப் பார்த்தே?"

"பத்து முப்பத்தஞ்சு. பையில பேனா எடுக்கப் போனேன். அப்ப இருந்துச்சு."

"அப்புறம்?"

"பத்து நாப்பதுக்கு என் சுற்று. பதினொண்ணுக்கு முடிஞ்சுது. வந்து பார்த்தா இல்ல."

ஆக, 10.40 முதல் 11 மணி வரையிலான இருபது நிமிஷம்.

காலைத் தேர்வின் முறை இது. நடைக்கூடத்தில் ஆறு தடுப்புகள். ஒவ்வொரு தடுப்பிலும் மேலிருந்து முழங்கால் உயரம் வரை தொங்கும் ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஒரு மாணவர் உட்கார்ந்து இரண்டு காலையும் முன்னால் நீட்ட வேண்டும். இந்தப் பக்கம் இன்னொரு மாணவர் முக்காலியில் உட்கார்ந்து அந்தப் பாதத்தைத் தொட்டு, அழுத்தி, நாடி பார்த்து, கண்டதையெல்லாம் தாளில் எழுத வேண்டும். யாருடைய பாதம் என்று எழுதுபவருக்குத் தெரியாது; திரைக்குப் பின்னால் யாரும் எட்டிப் பார்ப்பதும் இல்லை. பாதத்துக்கு எண் மட்டும்தான். யார் எந்த எண் என்ற பட்டியல் மேடக்ஸிடம். பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, கூச்சம் வந்தாலும் காலை இழுக்கக் கூடாது. வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே ஆசிரியர்கள் எல்லோருடைய பாதத்தையும் பார்த்துக் கோப்பில் குறித்து வைத்திருப்பார்கள். அதோடு ஒப்பிட்டு மார்க் போடுவார்கள்.

ஒரு சுற்றுக்கு ஆறு பேர் எழுதுவார்கள், ஆறு பேர் பாதம் நீட்டுவார்கள். பதின்மூன்றாமவர் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அட்டவணையை எடுங்க" என்றார் மேடக்ஸ். பதின்மூன்று தாள்கள் மேஜைமேல் வந்தன. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். "பத்து நாப்பது. அன்னெஸ்ட் எழுதறா. மென்னா எழுதறா. ஷோனெட் பாதம். இயோலோ பாதம்..." விரல் ஒரு தாளில் நின்றது. "டெக்வென்."

எல்லாத் தலையும் திரும்பியது.

"பத்து நாப்பதுக்கு எங்க இருந்தே?"

"காத்திருக்கற அறையில."

"தனியா?"

"தனியாத்தான்."

"மிஸஸ் பியூ பத்து நாப்பத்தஞ்சுக்கு அங்க டீ கொண்டுவந்து வச்சாங்க. குடிச்சியா?"

டெக் தரையைப் பார்த்தாள். "குடிச்சேன்."

மேடக்ஸ் வாசலைப் பார்த்தார். மிஸஸ் பியூ கையைப் பிசைந்தாள். "தட்டு வச்சபடியே இருந்துச்சு மிஸ்டர் மேடக்ஸ். அறையில யாரும் இல்ல. பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டுப் பார்த்தேன்."

"டெக்வென்?"

டெக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஏன் பொய் சொன்னே?"

டெக்கின் காது சிவந்துகொண்டே போனது.

"புத்தகத்தைக் கொடுத்துடு. நானே முடிச்சு வச்சுடறேன்."

"நான் எடுக்கல."

"அப்படின்னா எங்க இருந்தேன்னு சொல்லு."

டெக் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். மேடக்ஸ் பெருமூச்சு விட்டார். "ரெண்டரைக்கு உன் கத்தித் தேர்வு. நீ உண்மையைச் சொல்ற வரைக்கும் உள்ள போக வேண்டாம்."

டெக் நிமிர்ந்தாள். இந்த வருஷம் போனால் அடுத்த வருஷம் கிடையாது என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். மூன்று பெண்களில் கடைசிப் பெண். கறக்க ஆள் இல்லாத பண்ணை. 'ஒரு தடவை அனுப்பறேன், தவறினா திரும்பி வந்துடு' என்று சொல்லித்தான் அவள் அப்பா அனுப்பியிருந்தார்.

பகல் 12.10.

பைகளைக் கொட்டிப் பார்த்தாயிற்று. குப்பைத் தொட்டி, கழிப்பறை, கருவிகளைக் கழுவப் போடும் வாளி எல்லாம் பார்த்தாயிற்று. புத்தகம் கிடைக்கவில்லை.

மேடக்ஸ் பொது அறையின் மூலையில் உட்கார்ந்து காலைத் தாள்களைத் திருத்தத் தொடங்கினார். எரிச்சலை ஆற்றிக்கொள்ள அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். சிறிது நேரத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூப்பிட்டார்.

"மென்னா, இங்க வா. உன்கிட்ட நான் இதை எதிர்பார்க்கல."

"என்ன ஆச்சு?"

"ஏழாம் எண் பாதம். தட்டையாக் கிடக்கற பாதத்துல வளைவு நல்ல உயரம்னு எழுதியிருக்கே. கட்டைவிரல் மூட்டு வெளிய தள்ளி நிக்குது. அதைப்பத்தி ஒரு வார்த்தை இல்ல. ரெண்டாம் விரல்ல கருப்பா, தடிச்சு, பழைய காயம் பட்ட நகம்னு எழுதியிருக்கே. அது எங்கேருந்து வந்துச்சு? கெண்டைக்கால் நடுவுல ரோமம் தேஞ்ச வளையம், உயரமான ரப்பர் பூட்ஸ் போடறவர்னு வேற. கதையா எழுதறே?"

மென்னாவுக்கு முகம் எரிந்தது. பதினொரு மணிக்கு அவள் அந்தத் தடுப்பிலிருந்து துள்ளாத குறையாக வெளியே வந்திருந்தாள். அவள் கையில் கிடைத்தது பேசும் பாதம். தொட்ட இடமெல்லாம் ஒரு சேதி. ஒரு தாள் போதாமல் பின்பக்கமும் எழுதினாள். இந்தச் சுற்றிலாவது அன்னெஸ்டை முந்திவிட்டோம் என்று நினைத்தாள்.

"நான் பார்த்ததைத்தான் எழுதினேன்."

"கோப்புல அப்படி இல்லையே. கண்ணாடியை மாத்து."

ஜன்னலோரம் அன்னெஸ்ட் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுதாலும் அழகாக அழுகிறாள் என்று மென்னாவுக்குத் தோன்றியது. இவள் மட்டும் அந்தப் பாதத்தைப் பார்த்திருந்தால் தட்டை என்று தட்டையாக எழுதிவிட்டுப் போயிருப்பாள். எனக்குத்தான் கண்ணும் போய், கையும் போய், இல்லாத நகமெல்லாம் தெரிகிறது. இப்படி நினைக்க நினைக்க வயிற்றில் ஒரு அடுப்பு எரிந்தது.

ஷோனெட் ஒரு துண்டு உலர்பழ ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு வந்தாள். இருவரும் வருஷம் முழுக்கப் பயிற்சியில் ஜோடி. அவள் பாதத்தை மென்னா, மென்னாவின் பாதத்தை அவள்.

"சாப்பிடு. மேடக்ஸ் குரைக்கத்தான் செய்வார்."

"டெக் செஞ்சிருப்பான்னு நம்பறியா?"

"நம்ப முடியல. ஆனா அன்னெஸ்டோட அட்டவணையைப் பார்த்தா யாருக்குத்தான் எரியாது? பாவம், எட்டரைக்கும் எட்டரைக்கும் ஓடி வந்தவ." ஷோனெட் கெட்டிலை நோக்கி நடந்தாள்.

முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தெருவில் போகிறவர், மீன் கடையில் நிற்கிறவர், தேவாலயத்தில் பாடுகிறவர் யாரானாலும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்; நடையைப் பார்ப்பார்கள். மென்னாவும் பார்த்தாள். ஷோனெட்டின் வலது இடுப்பு ஒவ்வொரு அடிக்கும் ஒரு சிட்டிகை மேலே ஏறி இறங்கியது. நேற்று அப்படி இல்லை.

"கால்ல என்ன?"

"கொப்புளம். ஷூ கடிக்குது."

அதே பழைய பழுப்பு ஷூதான். செப்டம்பரிலிருந்து அவள் போடுவது அது ஒன்றுதான். மென்னா ரொட்டியைக் கடித்துக்கொண்டு டெக்கைத் தேடிப் போனாள்.

பகல் 12.50.

டெக் மாடிப்படியின் மேல்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க இருந்தே, டெக்?"

"கேக்காதீங்க மென்னா."

"நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

மென்னாவுக்குத் தெரியும். பொறாமைக்காரிக்குப் பொறாமைக்காரியின் கண் தெரியும். அன்று உறை கிழித்தபோது மாட்டைப் பற்றிக் கவலைப்பட்டவள் இவள் ஒருத்திதான். ஆனால் அதைச் சொல்லி மேடக்ஸிடம் ஒருத்தியை மீட்க முடியாது.

"யாரையாவது காப்பாத்தறியா?"

டெக் கன்னத்தைத் துடைத்தாள். "சொன்னா ரெண்டு பேர் போவோம். சொல்லலன்னா நான் ஒருத்திதான். அதுவும், அந்தத் திருட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சத்தியமா இல்ல."

"இதுன்னா எது?"

"போங்க மென்னா. மூணு மணிக்கு அப்பாவுக்குப் போன் பண்ணணும். என்ன சொல்லணும்னு யோசிச்சுக்கறேன்."

பகல் 1.15.

பதின்மூன்று அட்டவணைகளும் மேஜையில் கிடந்தன. மென்னா அவற்றை பஸ் கம்பெனி முறையில் அடுக்கினாள்: ஆளை விட்டுவிட்டு நேரத்தின்படி. 10.40 வரிசையில் ஆறு பாதங்கள். ஷோனெட். தபால்காரர் மகன் இயோலோ. ரொட்டிக் கடைக்காரப் பெண். முடி வெட்டும் கடையை விட்டுவிட்டுப் படிக்க வந்த இரட்டையர். துறைமுகத்து அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவன்.

அவள் மறுபடியும் படித்தாள். அந்த வட்டாரத்தில் வகுப்பில் பாதிப் பேர் பண்ணை வீட்டுப் பிள்ளைகள். ஆனால் இந்த ஆறு பேரில் ஒருவரும் இல்லை. ஒருவர்கூட வாழ்நாளில் உயரமான ரப்பர் பூட்ஸை ஒரு வாரம் சேர்ந்தாற்போல் போட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த வளையத்தை அவள் தொட்டாள். விரல் நுனிக்கு வழுவழுவென்று இருந்தது. அதுவும் பொய்யா?

அப்போதுதான் மேடக்ஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. தட்டைப் பாதம். கட்டைவிரல் மூட்டு வெளியே தள்ளி நிற்கிறது. ஆறு பேரில் அப்படி ஒரே ஒரு பாதம்தான் உண்டு. அந்தப் பாதத்தை மென்னா இந்த வருஷம் நாற்பது தடவையாவது மடியில் வைத்திருக்கிறாள். அதைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் அவளுக்குத் தெரியும்.

கண் கெடவில்லை. கை கெடவில்லை. இருபத்தோரு வருஷம் எந்த வீட்டில் சோறு தின்றாளோ, அந்த வீட்டுப் பாடத்தை மறந்துவிட்டாள், அவ்வளவுதான். பஸ் கம்பெனியில் ஒருமுறை ஏழாம் தட பஸ் சுவரில் இடித்தபோது அட்டவணையைப் பார்த்து அப்பாவி ஓட்டுநர் ஒருவருக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். அவர் அன்று தங்கை கல்யாணத்தில் இருந்தார். வண்டி ஓட்டியவர் இன்னொருவர். பஸ் எங்கே இருக்க வேண்டும் என்றுதான் அட்டவணை சொல்லும். எங்கே இருக்கிறது என்று சொல்லாது.

மென்னா மிஸஸ் பியூவிடம் தன் விடைத்தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு மேடக்ஸின் அறைக் கதவைத் தட்டினாள்.

பகல் 1.35.

அறையில் ஐந்து பேர். மேடக்ஸ் நாற்காலியில். அன்னெஸ்ட், டெக், ஷோனெட், மென்னா நின்றபடி.

"சுருக்கமா" என்றார் மேடக்ஸ்.

"என் விடை தப்பு இல்ல. பாதம்தான் தப்பு" என்றாள் மென்னா. "டெக்கோட கோப்பை எடுங்க. முதல் வாரம் நீங்களே குறிச்சது."

மேடக்ஸ் இழுப்பறையைத் திறந்தார். கோப்பைப் புரட்டினார். புருவம் ஏறியது. மெதுவாக, தனக்குள் படிப்பது போலப் படித்தார். "வளைவு உயரம். வலது ரெண்டாம் விரல் நகம் கருப்பு, தடிப்பு, மாடு மிதிச்சது. ரெண்டு கெண்டைக்கால்லயும்..." நிறுத்திவிட்டு மென்னாவின் தாளைப் பார்த்தார். மறுபடியும் கோப்பைப் பார்த்தார்.

"ஏழாம் எண் யாருன்னு உங்க பட்டியல்ல இருக்கு. நான் சொல்லட்டுமா? ஷோனெட். ஆனா பத்து நாப்பதுக்குத் திரைக்குப் பின்னால உட்கார்ந்திருந்தது டெக். அதனாலதான் மிஸஸ் பியூ கூப்பிட்டப்போ அங்க ஆள் இல்ல. அதனாலதான் டெக் பொய் சொன்னா. தேர்வுல ஆள் மாறி உட்கார்ந்தா ரெண்டு பேரும் வெளியன்னு சட்டம்."

"டெக்வென்?"

டெக் அழ ஆரம்பித்துவிட்டாள். "நேத்து ராத்திரி சேத்துப்புண் வந்துருச்சுன்னு சொன்னா. பாத மருத்துவம் படிக்கற பொண்ணுக்கே சேத்துப்புண்ணான்னு எல்லாரும் சிரிப்பாங்க, வெட்கமா இருக்குன்னா. இருபது நிமிஷம்தானேன்னா. ஒரு வருஷமா தினமும் காலையில என்னை மலையிலேருந்து கார்ல ஏத்திட்டு வர்றா. எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"எனக்குச் சேத்துப்புண் இருக்கு" என்றாள் ஷோனெட். குரல் அசையவில்லை. "தப்புதான். கழிப்பறையில உட்கார்ந்திருந்தேன். அதுக்கும் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"நல்லது. அப்ப ஷூவைக் கழட்டு" என்றாள் மென்னா.

"எதுக்கு?"

"சேத்துப்புண் விரலிடுக்குல வரும். அது வந்தவங்க விரலை ஊனாம நடப்பாங்க. நீ விரலை நல்லாத்தான் ஊனறே. உன் வலது இடுப்புதான் மேல ஏறுது. காலையில ரெண்டு காலும் ஒரே உயரம். மத்தியானம் வலது கால் அரை விரற்கடை வளர்ந்துடுச்சு. பையைக் கொட்டினாங்க, வாளியைக் கவிழ்த்தாங்க. இத்தனை பாத டாக்டருங்க இருந்தும் ஒருத்தருக்கும் ஷூவைப் பார்க்கத் தோணல."

வெளியே கடற்காக்கை ஒன்று கத்திக்கொண்டே இருந்தது. மேடக்ஸ் கையை நீட்டினார். ஷோனெட் குனிந்து வலது ஷூவைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். மேடக்ஸ் உள்ளே கைவிட்டு மெத்தைத் தகட்டைத் தூக்கினார். ரோஸ் அட்டை நான்காக மடிந்து, குதிகாலின் வடிவம் பதிந்து, அடியில் கிடந்தது.

அன்னெஸ்ட் பாய்ந்து எடுத்துக்கொண்டாள்.

"அவ அட்டவணையை நீ எழுதிக்கிட்டது வாழ்த்துச் சொல்றதுக்கு இல்ல" என்றாள் மென்னா. "அவ எப்ப எழுதறா, நீ எப்பப் பாதம், டெக் எப்பக் காலியா இருக்கான்னு பார்க்க. மூணும் சேர்ற சுற்று பத்து நாப்பது மட்டும்தான். உன் பாதத்தைத் தெரிஞ்சவ ஒருத்திதான் வகுப்புல. நான். எந்தத் தடுப்புக்கு யாருன்னு முன்னாடியே தெரியாதே, அதனால நான்தான் வந்து உட்காருவேன்னு உனக்குத் தெரியாம போச்சு."

ஷோனெட் ஒரு கால் ஷூவோடும் ஒரு கால் சாக்ஸோடும் நின்றாள். அன்னெஸ்டை அவள் பார்க்கவில்லை. மேடக்ஸையும் பார்க்கவில்லை.

"டெக்கை மாட்டிவிடணும்னு நினைக்கல" என்றாள். "புத்தகம் ரெண்டு மணி வரைக்கும் கிடைக்காம இருந்தா போதும்னுதான்..." பிறகு மென்னாவை நேராகப் பார்த்தாள். "ஒரு மார்க், ரெண்டு மார்க்குன்னு வருஷம் பூராத் தோத்தா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா? அவ கத்தினப்போ நான் உன் மூஞ்சியைப் பார்த்தேன் பஸ்காரம்மா. சந்தோஷப்பட்டே. இல்லன்னு சொல்லு."

அன்னெஸ்ட் மெதுவாகத் திரும்பி மென்னாவைப் பார்த்தாள்.

மென்னாவால் இல்லை என்று சொல்லியிருக்க முடியும். வாய் வரை வந்தது.

"பட்டேன்" என்றாள். "ஒரு நொடி. இன்னும்கூட மிச்சம் இருக்கு. ஆனா என் எரிச்சலுக்கு டெக்கோட வருஷத்தைக் கேக்கல. பதினொண்ணு இருபதுக்கு அவ உன் முன்னாடிதான் மாட்டிக்கிட்டு நின்னா. நீ வெண்ணெய் தடவிக்கிட்டு இருந்தே."

ஷோனெட்டின் முகம் அப்போதுதான் உடைந்தது. மேடக்ஸ் கதவைத் திறந்துவிட்டு, மிஸஸ் பியூவின் அறையில் போய்க் காத்திருக்கச் சொன்னார். வலது ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் போனாள்.

மேடக்ஸ் டெக்கின் கோப்பை முன்னால் இழுத்து வைத்தார். "ஆள் மாறி உட்கார்ந்தது தப்பு, டெக்வென். அதுக்கு எழுத்துல எச்சரிக்கை உண்டு. உன் கோப்புல கடைசி வரைக்கும் இருக்கும். ஆனா அது உன் பரீட்சை இல்ல, உன்னை வெளிய அனுப்பற அளவுக்கு நான் போகல. நீ யாரோட மார்க்கையும் திருடல. ரெண்டரைக்கு உள்ள போ."

டெக் நன்றி சொல்ல வாயைத் திறந்து, அட்டவணையைப் பார்த்து, மறுபடியும் மூடிக்கொண்டாள். "எனக்குப் பாதம் யாரு?" என்றாள். "இதுல ஷோனெட்னு போட்டிருக்கே."

கத்தித் தேர்வில் பெயர் வெளிப்படை. பாதம் இல்லாவிட்டால் தேர்வும் இல்லை. மேடக்ஸ் தாள்களைப் புரட்டினார். 2.30க்கு மற்ற எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் சிக்கியிருந்தார்கள். காத்திருக்கும் அறை என்று போட்டிருந்தது ஒருத்திக்குத்தான்.

"என் காலை வச்சுக்கோ" என்றாள் மென்னா. "இந்தத் தடவை கையெழுத்துப் போட்டு மாத்துங்க மிஸ்டர் மேடக்ஸ். அட்டவணைக்கு ஒரு மரியாதை வேணும்."

பகல் 2.55.

அட்டவணைப் பிரிவுக்கு வருவதற்கு முன் மென்னா பத்து வருஷம் பஸ் ஓட்டியவள். மலைச் சாலையில் கிளட்சை மிதித்து மிதித்து இடது பாதத்தின் முன்பக்கம் காய்த்துப் போயிருந்தது, செருப்புத் தோல் மாதிரி. டெக் அதைப் பார்த்ததும் ஒரு கணம் மூச்சை இழுத்தாள். பிறகு கத்தியைச் சாய்த்துப் பிடித்து, அடுக்கடுக்காகச் சீவத் தொடங்கினாள். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. கடைசியில் உள்ளே ரோஸ் நிறத் தோல் தெரிந்தது. தேர்வாளர் இரண்டு முறை குனிந்து பார்த்துவிட்டு எதையோ நீளமாக எழுதினார்.

மென்னா நொண்டிக்கொண்டு வெளியே வந்தபோது நடைக்கூடத்தில் அன்னெஸ்ட் நின்றிருந்தாள். கையில் மடிப்பு விழுந்த ரோஸ் புத்தகம். அவள் தேர்வு இரண்டு மணிச் சுற்றிலேயே முடிந்திருந்தது.

"டெக் எப்படிப் பண்ணினா?"

"அருமையா."

"காய்ப்பு எவ்வளவு இருந்துச்சு?"

மென்னா காலைத் தூக்கிக் காட்டினாள். அன்னெஸ்ட் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் கண்ணில் இருந்தது மென்னாவுக்கு நன்றாகப் பழக்கமான ஒன்று. கண்ணாடியில் தினமும் பார்ப்பது.

"எனக்குக் கொடுத்தது இயோலோ காலு. பொறந்த குழந்தை மாதிரி இருக்கு. அதுல சீவறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் அன்னெஸ்ட். "இப்படி ஒரு பாதம் டெக்குக்கு மட்டும். ஏழாம் எண் உனக்கு மட்டும். எனக்கு மட்டும் ஏன் இப்படி எதுவுமே கிடைக்க மாட்டேங்குது?"

மென்னா அவளையே பார்த்தாள். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு, "அடுத்த வருஷம் என்னோட ஜோடி சேர்ந்துக்கோ. வலது கால் இன்னும் தொடவே இல்ல" என்றாள்.

அன்னெஸ்ட் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வலது காலையும் காட்டச் சொன்னாள்.

மூன்று மணிக்கு டெக் அப்பாவுக்குப் போன் செய்துவிட்டு வந்தாள். தேர்வு முடிந்தது என்று மட்டும்தான் சொன்னாளாம். வீட்டுக்கு எப்படிப் போவது என்று தெரியாமல் வாசலில் நின்றாள். மென்னா சாக்ஸை மாட்டிக்கொண்டு, கார் சாவியைத் தேடி எடுத்து, மாடு கறக்கும் நேரத்துக்குள் மலை ஏற எத்தனை நிமிஷம் ஆகும் என்று கணக்குப் போட்டபடி அவளைக் கூப்பிட்டாள்.